கம்பளிப் பரிசோதனை

மூங்கில்மலைத் தோட்டத்தில் அதுவரை குற்றம் என்றால் மூன்றுதான்: கொழுந்தோடு முற்றல் இலையைக் கலப்பது, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தி வருவது, துரையின் காருக்கு வழிவிடாமல் மாட்டை ஓட்டிப்போவது. அறுபத்தாறாம் ஆண்டு பெப்ரவரியில் நாலாவதாக ஒன்று சேர்ந்தது. தலையில் பொடுகு இருப்பது.

கொழும்பிலிருந்து வந்த ஒரு கடிதம்தான் இதற்கு மூலம். ரத்தோட்டைக்கு மேலே அந்த மலையில் விளையும் தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வதற்குக் கம்பெனியில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவர் ஒரு வாய் உறிஞ்சிக் கொப்பளித்துத் துப்பினால்தான் தேயிலைக்கு மரியாதை. இந்த முறை அவர் உறிஞ்சவே இல்லை. தூளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ செதில் கிடக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று எழுதிவிட்டார்.

தோட்டத்து மேனேஜரான துரை அந்தக் கடிதத்தைப் பாதி படித்தார். எந்தக் கடிதத்தையும் பாதிக்கு மேல் படிப்பதில்லை என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை. மீதியைப் படிக்கத்தானே உத்தியோகத்தர்களை வைத்திருக்கிறது? "பாத்து செய்" என்று சொல்லி அதை டீமேக்கர் மாணிக்கவாசகத்திடம் கொடுத்துவிட்டு டென்னிஸ் விளையாடப் போனார்.

தேயிலை அரைக்கும் ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். மாணிக்கவாசகம் அந்த ஸ்டோருக்கு ராஜா. உயரம் ஐந்தடி மூன்றங்குலம். தலைமயிரையும் சேர்த்து அளந்தால் ஐந்தடி ஐந்து. கண்டியிலிருந்து வரவழைத்த பிரில்லியன்டைன் போட்டு, நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் அலை அலையாக ஏற்றி வைத்திருப்பார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சீப்பு. பேனாவை எடுப்பதைவிடச் சீப்பை எடுப்பதுதான் அதிகம். கறுப்புக் கோட்டு கங்காணிமார் போடுவது, படித்தவனுக்கு வெள்ளைதான் அழகு என்று சொல்லி, எப்போதும் வெள்ளை ட்ரில் கோட்டுதான் போடுவார்.

அவர் கடிதத்தை முழுவதும் படித்தார். படித்ததை நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். பிறகு, அரைத்த தேயிலையில் நார் பொறுக்கும் பதினாலு பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வந்து நின்றார்.

"எவ தலைடி அது? சாம்பிள் டின்னுக்குள்ள பொடுகு! கொழும்பு வெள்ளக்காரன் வாய்க்குள்ள போயிருந்தா இந்த தோட்டத்து மானம் என்னாகுறது? ஆங்?"

பதினாலு பேரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலை எங்கே தெரிந்தது? நெற்றியிலிருந்து பிடரிவரை, காதும் மூட, வெள்ளைத் துணி கட்டித்தான் கூடத்துக்குள் வரவேண்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்பே சட்டம் போட்டிருந்தார் மாணிக்கவாசகம். அந்தச் சட்டம் அவருக்கே அப்போது மறந்துபோயிருந்தது.

விஷயம் தோட்டத்து டிஸ்பென்சர் ஜவாஹிரிடம் போனது. டாக்டர் என்று கூப்பிட்டால் மருந்து கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் எல்லாரும் அவரை டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். மாத்தளை டவுனில் வாங்கிய ஒரு பூதக்கண்ணாடி அவரிடம் இருந்தது. பேப்பரில் கல்யாண விளம்பரம் படிக்க அது உதவியது. மருந்துச் சாலைச் சுவரில் பிள்ளைகளுக்கு வரும் தலைப்படை பற்றி ஒரு படம் தொங்கியது. படைக்கு மொட்டை அடி, மருந்து பூசு என்று அதில் போட்டிருந்தது. பொடுகைப் பற்றிப் படம் எதுவும் இல்லை. ஆகவே பொடுகும் படையும் ஒன்றுதான் என்று டாக்டரய்யா முடிவுகட்டினார். சுவரில் இன்னொரு ஆணி அடிப்பதைவிட இது சுலபம்.

"விஞ்ஞான முறையில பார்ப்போம்," என்றார்.

விஞ்ஞான முறை இது. ஸ்டோர் வாசலில் ஒரு மேசை. அதன்மேல் கறுப்புக் கம்பளி. மழைக்குப் போர்த்திக்கொள்ளத் தோட்டத்தில் ஆளுக்கொன்று கொடுக்கும் அதே கம்பளி. பெண்கள் ஒவ்வொருவராக வந்து, முடியை அவிழ்த்து, கம்பளிமேல் குனிந்து, பத்துத் தரம் சீப்பால் வாரவேண்டும். விழுவதை டாக்டரய்யா பூதக்கண்ணாடி வைத்து எண்ணுவார். பத்துக்கு மேல் விழுந்தால் 'தொற்று நோய்' என்று புத்தகத்தில் பதிந்து மொட்டை. மொட்டை அடித்தவள் ஸ்டோருக்குள் கால் வைக்கக்கூடாது. மலைக்குப் புல்லுவெட்டப் போகவேண்டும்.

திங்கட்கிழமை அது நடந்தது. கட்டின புருசன் முன்னாலும் பகலில் கூந்தலை அவிழ்க்காத பெண்கள், டிராக்டர் டிரைவரும் சாக்குத் தூக்குகிறவனும் வேடிக்கை பார்க்க, வரிசையில் நின்று அவிழ்த்தார்கள். டாக்டரய்யா உஸ் உஸ் என்று எண்ணினார். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி என்று அன்று காலை ஆள் வந்தபோது "கொஞ்சம் பொறுக்கச் சொல்லு" என்று சொல்லி அனுப்பியவர், பொடுகை எண்ணுவதில் அவசரமே காட்டவில்லை.

இரண்டு பேர் பிடிபட்டார்கள். காத்தாயிக்கு மீன்செதில் மாதிரி உதிர்ந்தது, எண்ணவே இல்லை. கமலாட்சிக்குப் பதின்மூன்று.

காத்தாயிக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. சத்தம் போட்டுப் பழக்கமில்லாதவள். அன்று மத்தியானமே மருந்துச் சாலைக்குப் பின்னால் உட்காரவைத்து வழித்துவிட்டார்கள். நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் மொட்டைத் தலையாக அவள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கி வந்தபோது, விஷயம் தெரியாத ஒருத்தி கேட்டாள்: "எந்த கோயிலுக்கு நேத்திக்கடன் காத்தாயி?"

"டிஸ்பென்சரி மாரியாத்தாளுக்கு," என்றாள் காத்தாயி. தன் ஒற்றை அறையான காம்பிராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் திறந்தாள், மலைக்குப் புல்லுவெட்டப் போவதற்கு.

கமலாட்சி உட்காரவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த நாவிதரைத் தாண்டி நடந்து வந்துவிட்டாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். மொட்டையடிச்சிட்டு மலைக்கு போ, இல்லாட்டி தோட்டத்த விட்டு போ," என்று மாணிக்கவாசகம் பின்னாலிருந்து கத்தினார்.

மலைக்குப் போ என்பதில்தான் கொலை இருந்தது. நாலு வருடத்துக்கு முன் மழையில் கூடையோடு சறுக்கி விழுந்து கமலாட்சியின் வலது முழங்கால் கெட்டுப்போயிற்று. சமதரையில் நடப்பாள்; மேட்டில் ஏறமுடியாது. உட்கார்ந்து நார் பொறுக்கும் வேலை அவளுக்கு அந்தக் காலால் கிடைத்தது. அது போனால் தோட்டத்தில் அவளுக்கு வேறு வேலை இல்லை.

அவள் புருசன் முத்துவீரன் சமாதானப் பிரியன். "மசிருதானே புள்ள. வளந்துரும்."

"அப்ப ஒங்க மீசைய எடுங்க மொதல்ல. அதுவும் வளரும்."

முத்துவீரன் மீசையைக் கையால் மூடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தொழிற்சங்கத்துத் தலைவர் பொன்னையாவிடம் போனாள். அவர் புத்தகத்தைப் புரட்டினார். "சம்பளம் இருக்கு, லீவு இருக்கு, லயத்து கூரை இருக்கு. தலமசிரு இல்லியே தங்கச்சி."

"தல இருக்கா அண்ணே?"

"அத... பாக்கணும்," என்றார் தலைவர். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

புதன்கிழமை வேலை விட்டதும் கமலாட்சி, காத்தாயியின் காம்பிராவுக்குப் போனாள். கத்தி பட்டு அங்கங்கே கீறியிருந்த தலையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். மயிர் போய்விட்டது, செதில் போகவில்லை. வெள்ளைத் திட்டுத் திட்டாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா," என்றாள் காத்தாயி. "பதினஞ்சு வருசமா இருக்கு இது. வெந்தயம் அரைச்சு வச்சு பாத்துட்டேன், தேசிக்கா புழிஞ்சு தேச்சு பாத்துட்டேன், வேப்பெண்ண வச்சு ஊரே நாறிச்சு. போகல. போகாட்டி போவுதுன்னு விட்டுட்டேன். எம் புருசனுக்கு ஒட்டல. ஒரே பாயில படுத்த புள்ளைகளுக்கு ஒட்டல. கொழும்புக்கு போற டின்னுக்கு மட்டும் எப்படிடி ஒட்டுச்சு?"

எண்ணெய் தடவின கை நின்றது.

"என்னக்கா சொன்ன?"

"எப்படி ஒட்டுச்சுன்னேன்."

"டின்னு," என்றாள் கமலாட்சி. "அக்கா, சாம்பிள் டின்ன நாம எங்க தொட்டோம்?"

தொட்டதே இல்லை. நார் பொறுக்கி, சலித்து, தரம் பிரித்து, பெட்டியில் அடைத்த பிறகுதான் சாம்பிள். அது டீமேக்கரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற பூசை. ஒவ்வொரு தரத்திலும் இரண்டு கை தூளை அள்ளி, ஹா என்று வாயால் ஊதிச் சூடேற்றி, மூக்கை உள்ளே புதைத்து மோந்து பார்த்து, டின்னில் கொட்டி மூடுவார் மாணிக்கவாசகம். பெண்பிள்ளை வியர்வை பட்டால் வாசம் கெட்டுவிடும் என்று அந்த அறையைக் கூட்டிப் பெருக்கக்கூட யாரையும் விடுவதில்லை. ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை மோந்தவுடன் ஒரு முறை தலையில் சீப்பு. டின்னுக்கு நேர் மேலே.

காத்தாயி சிரிக்கவில்லை. "இத யாருகிட்ட போயி சொல்லுவ?" என்று மட்டும் கேட்டாள்.

வியாழக்கிழமைகளில் காலை பத்து மணிக்குத் துரை ஸ்டோருக்கு வருவார். நீள மேசையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். துரை உறிஞ்சுவார், துப்புவார், "ம்" என்பார். அன்றைக்கு மாணிக்கவாசகம் ஒரு பக்கம், டாக்டரய்யா பொடுகு ஒழிப்பு அறிக்கையோடு இன்னொரு பக்கம். துரை இரண்டாவது கோப்பையில் இருந்தபோது கமலாட்சி நொண்டி நொண்டி உள்ளே வந்தாள். தோளில் மடித்த கம்பளி.

"ஏய்! யாரு உன்ன உள்ள விட்டது?" என்று மாணிக்கவாசகம் பாய்ந்தார்.

"கும்பிடுறேன் தொரை," என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "ஒரு கேள்விதாங்க. கேட்டுட்டு போயிருவேன்."

துரை சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழ் பேசுவதில் தமக்கு இணை இல்லை என்று கிளப்பில் சொல்லிக்கொள்பவர். "என்னா கேலி? சீக்கிரம் கேளு."

"பொடுகு பெட்டியில இருந்துச்சா, சாம்பிள் டின்ல இருந்துச்சாங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்குடி?" என்றார் மாணிக்கவாசகம். அவர் குரல் ஒரு படி ஏறி, பெண் குரலாக உடைந்தது.

துரைக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. "கடிதாசி எங்க?"

"கடிதமா சேர்? அது... ஆபீஸ்ல... ஃபைல்ல..."

"ஒங்க கோட்டு உள்பையில இருக்குங்கய்யா," என்றாள் கமலாட்சி மரியாதையாக. "அன்னிக்கி ஜன்னல் வழியா பாத்தோமுங்க, மடிச்சு வச்சீங்களே."

வேறு வழியில்லாமல் கடிதம் வெளியே வந்தது. துரை, உத்தியோகத்துக்கு வந்தபிறகு முதல் தடவையாக, ஒரு கடிதத்தின் கீழ்ப்பாதியைப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்ததில் தேயிலை சுத்தமாக இருக்கிறது, செதில் சாம்பிள் டின்களில் மட்டுமே இருக்கிறது, சாம்பிள் எடுக்கும் இடத்தைக் கவனிக்கவும் என்று அதில் இருந்தது.

"நாங்க பொறுக்கினது பெட்டிக்கு போச்சுங்க. பெட்டி சுத்தம். சாம்பிள் டின்ன நாங்க கண்ணால பாக்குறதோட சரி." கமலாட்சி மேசை ஓரத்தில் இருந்த கோப்பைகளை மெல்ல ஒதுக்கிவிட்டுக் கம்பளியை விரித்தாள். "எனக்கு பொடுகு இருக்குங்க. இல்லேன்னு சொல்லல. பதிமூணு. டாக்டரய்யா எண்ணி எழுதியிருக்காரு. அதே மாதிரி டீமேக்கரய்யாவும் பத்து வாட்டி வாரட்டும். அவரு தலைய யாரும் எண்ணலியே?"

"வாட் நான்சென்ஸ்! நான் ஸ்டாஃப் சேர்!"

"ஸ்டாஃபுக்கு தலை இல்லீங்களா?" என்று கூடத்து வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. நார் பொறுக்குகிற மீதிப் பன்னிரண்டு பேரும் அங்கே நின்றார்கள்.

துரைக்கு அன்று டென்னிஸ் இல்லை. பொழுதுபோக வேறு வழியும் இல்லை. "செய்ங்க மிஸ்டர் மாணிக்கவாசகம்," என்றார்.

ராஜா குனிந்தார். சீப்பை எடுத்தார். முதல் இரண்டு வாரலில் ஒன்றும் விழவில்லை. பிரில்லியன்டைன் பிடித்து வைத்திருந்தது. அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு கூட வந்தது. மூன்றாவதில் அலை உடைந்தது. பிறகு அவரே நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாத மழை. எண்ணெயில் ஊறிக் கட்டி கட்டியாக, வறுத்த ரவை மாதிரிச் சில. உலர்ந்து பறந்து துரையின் கோப்பைக்குள்ளேயே போய் விழுந்தவை சில. இத்தனை வருடமாக வெள்ளைக் கோட்டின் வெள்ளையில் மறைந்து வாழ்ந்த குடும்பம் முழுவதும் கறுப்புக் கம்பளியில் குடியேறியது. பத்து வாரல் முடிந்தபோது கம்பளியில் பாதி தெரியவில்லை.

"எண்ணுங்க டாக்டரய்யா," என்றாள் கமலாட்சி.

ஜவாஹிர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். குனிந்து நிமிர்ந்தார். "சேர், இது வேற வகை. மூளைக்கு வேல ஜாஸ்தியான ஆக்களுக்கு தலை காஞ்சு போய் வாறது. இது தொத்தாது."

"எங்களுக்கு மூளைக்கு வேல இல்லேன்னா எங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

டாக்டரய்யா பதில் தேடிச் சுற்றிலும் பார்த்தார். அப்போதுதான் ஒரு காட்சி அவர் கண்ணில் பட்டது. துரை யோசனையாகத் தொப்பியைக் கழற்றிவிட்டு உச்சந்தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அவருடைய காக்கிச் சட்டையின் தோளில் நாலைந்து வெள்ளைச் செதில்கள் மெதுவாக வந்து இறங்கின.

மருத்துவ அறிவு அதற்கு மேல் தயங்கவில்லை.

"உண்மைய சொன்னா சேர், பொடுகு ஒரு வருத்தமே இல்ல, நோயே இல்ல! எல்லா மனுசருக்கும் ஈக்கிறதுதான். பனிக்காலத்துல கூடும், அவ்வளவுதான். யாருக்கும் மொட்டை அடிக்க தேவையில்ல!"

திங்கட்கிழமை கூலிக்காரிகள் தலையில் தொற்று நோயாக இருந்தது, வியாழக்கிழமை உத்தியோகம் உயர்ந்து வெறும் பனிக்காலமாகிவிட்டது. துரை தொப்பியை அவசரமாகப் போட்டுக்கொண்டார். "சரி, சரி. முடிஞ்சுது. மாணிக்கவாசகம், நாளையிலேந்து நீங்களும் தலையில துணி கட்டு. கமலாட்சி, நீ போய் வேல பாரு. மொட்டை இல்ல."

கமலாட்சி கம்பளியை உதறவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கெட்ட காலை நீட்டிக்கொண்டாள்.

"என்னா, இன்னும்?"

"காத்தாயிங்க."

"யாரு காத்தாயி?"

"ஒங்க தோட்டத்துல மொட்டை அடிச்ச பொம்பளைங்க. இப்ப பத்தாம் நம்பர் மலையில புல்லு வெட்டுறா."

"ம். அவளும் ஸ்டோருக்கு வரட்டும்."

"மசிரு?"

துரை டாக்டரய்யாவைப் பார்த்தார். டாக்டரய்யா டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மசிர திருப்பித் தர ஒங்களால ஏலாதுன்னு எனக்கு தெரியுங்க," என்றாள் கமலாட்சி. "ஆனா புத்தகத்துல 'தொற்று நோய்'னு எழுதியிருக்கீங்க. ரெண்டு நாளா பீலியில, ஊத்துத் தண்ணி வர்ற எடத்துல, அவள தண்ணி புடிக்க விடமாட்டேங்கிறாங்க. கடைக்காரன் அவ கையால சாமான தொடாதேங்கிறான். அவ மகளுக்கு கலேவெலையில சம்பந்தம் பேசி வச்சிருந்தாங்க. நேத்து ஆள் சொல்லி அனுப்பிட்டாங்க, வேணாமுன்னு. பெரட்டுல வச்சு, முன்னூறு பேருக்கு முன்னால, அவளுக்கு நோய் இல்ல, தப்பு எங்களுதுன்னு டாக்டரய்யா சொல்லணும்."

"அதெல்லாம் நடக்காது," என்றார் ஜவாஹிர்.

வாசலில் நின்ற பன்னிரண்டு பேரும் உள்ளே வந்து கமலாட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஆற அமர ஒருத்தி தலையை ஒருத்தி சொறிந்துவிட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் இருநூறு பெட்டித் தேயிலை மூடாமல் கிடந்தது. மறுநாள் அதை லாரியில் ஏற்றவேண்டும். பன்னிரண்டு மணிக்குத் துரை "சொல்லு ஐயா, சொல்லித் தொலை" என்றார்.

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டு. வானம் அப்போதுதான் வெளுத்தது. கூடையும் கத்தியுமாக முன்னூறு பேர் நின்றார்கள். டாக்டரய்யா ஒரு காகிதத்தோடு படியில் ஏறி, தொண்டையைச் செருமி, இங்கிலீஷில் படிக்க ஆரம்பித்தார்.

"தமிழ்ல," என்றாள் கமலாட்சி.

டாக்டரய்யா காகிதத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "காத்தாயி என்பவருக்கு... தொற்று நோய் எதுவும்... அன்று பதியப்பட்டது பிழை..." மீதி மீசைக்குள் போய்விட்டது.

கூட்டத்தின் கடைசியில், மொட்டைத் தலையில் துணி கட்டாமல், காத்தாயி நின்றாள். நாலு நாளாக வீட்டை விட்டால் மலை, மலையை விட்டால் வீடு என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தவள். அவள் கையை உயர்த்தினாள்.

"எனக்கு கேக்கலீங்கய்யா."

டாக்டரய்யா இன்னொரு தடவை படித்தார், கொஞ்சம் சத்தமாக.

"பிழை யாரோடதுங்க? அந்த எடம் கேக்கல."

"என்... என்னுடையது."

காத்தாயி நடந்து வந்தாள். முன்னூறு பேரும் ஒதுங்கினார்கள், இந்தத் தடவை வழிவிடுவதற்கு. படிக்கு நேர் கீழே வந்து நின்று, மொட்டைத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"பீலிக்கரையில நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்," என்றாள். "மொதல்லேருந்து படிங்க."